கேட்காமல் போன ஆந்தை

ஆஸ்திரேலியா போய் வந்தவனிடம் எல்லோரும் கங்காருவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பார்த்தேன், தூரத்தில் இரண்டு. எதையோ மேய்ந்துகொண்டு நின்றன. நான் சொல்ல வந்தது வேறு. அந்த நாட்டிலிருந்து கடலுக்குள் வெகுதூரம் தள்ளிக் கிடக்கும் லார்ட் ஹௌ என்ற சிறு தீவில், மூன்று மாலைகள் ஓர் ஆந்தையின் குரலுக்காகக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத ஆந்தை இனம் அது. அது அற்றுப்போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்று புத்தகங்கள் சொல்லின. ஒரு கிழவர் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு நெய்வேலியில் பம்பு ஹவுஸ் வேலை. சுரங்கம் பார்க்க வருகிறவர்கள், சக்கரம் சுழற்றி மண் வெட்டும் ஜெர்மன் இயந்திரத்தை வாயைப் பிளந்து பார்ப்பார்கள். பம்புகளை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்திக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் ஆழ்கிணறு போட்டு இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை உடைத்துக்கொண்டு கிளம்பாமல் இருக்கும்.

பம்பின் உடல்நிலை பார்க்க எங்களிடம் இருந்த கருவி ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர். முனையைப் பேரிங் மூடியின் மேல் வைத்து, பிடியைக் காதெலும்போடு ஒட்டிக்கொண்டு கேட்க வேண்டும். நல்ல பேரிங் சீராக முனகும். கெட ஆரம்பித்தது சோளம் பொரிவதுபோல் பொரியும். கேட்டதை மணிக்கொரு முறை லாக் புத்தகத்தில் எழுத வேண்டும்.

விதி அது. வழக்கம் வேறு. ஷிப்ட் தொடங்கியதும் டீ வரும். அது ஆறுவதற்குள் எட்டு மணி நேரத்துக்கும் 'சத்தம் இயல்பு' என்று மேலிருந்து கீழாக எழுதி முடித்துவிடுவோம். முந்தின ஷிப்டில் இருந்தவர் எழுதியதுதான் எங்களுக்கு ஆதாரம். அவருக்கு அவருக்கு முந்தினவர். இதைப் பொய் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை.

ஏழுமலை எங்களிடம் பம்பு பழுது பார்க்கும் காண்ட்ராக்ட் பிட்டர். கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். என்னைவிட மூத்தவர். பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் காத்திருந்தவர். ஒருநாள் காலையில் என்னிடம் வந்து, பதினோராம் நம்பர் பம்பின் சத்தம் சரியில்லை, நிறுத்திப் பார்க்கலாம் என்றார். நிறுத்த உத்தரவு கொடுக்க வேண்டியவன் நான். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று மேலே பதில் எழுத வேண்டும். லாக் புத்தகத்தைத் திருப்பிக் காட்டி, இயல்பு என்றுதானே இருக்கிறது என்றேன். எழுந்துபோய்க் காது வைத்துப் பார்க்கவில்லை. மறுநாளும் வந்து சொன்னார். அன்றும் பார்க்கவில்லை. அன்று மதியம், ஓடிக்கொண்டிருந்த அந்தப் பம்பில் கசிவை இறுக்கப் போனபோது மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்து அவர்மேல் தெறித்தது. பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

விசாரணையில் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. பம்பில் சத்தம் இருப்பதாக ஏழுமலை முன்பே சொன்னாரா? இல்லை என்றேன். புத்தகமும் என் பக்கம் பேசியது. ஓடுகிற பம்பில் கை வைத்தது அவருடைய கவனக்குறைவு என்று எழுதி மூடினார்கள். கவனக்குறைவால் செத்தவரின் மனைவிக்கு வேலை கிடையாது. அவர் மனைவி அஞ்சலை, இரண்டு பெண்பிள்ளைகளோடு கூலி நடவுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். நான் வாயைத் திறந்தால் அவருக்கு வேலை கிடைக்கும், எனக்கு வேலை போகும். அதனால் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஆஸ்திரேலியாவில் எங்களைப் போலவே ஊற்றுநீர் இறைத்துக்கொண்டு பழுப்பு நிலக்கரி வெட்டும் ஒரு பள்ளத்தாக்குக்குப் பயிற்சிக்கு ஆள் கேட்டார்கள். என் பெயர் வந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் மாலை போட்டு அனுப்பினார்கள். தப்பித்தோம் என்ற நினைப்போடு விமானம் ஏறினேன்.

முதல் வாரம் ஏமாற்றம்தான். வெளிநாடு என்று போனால் நெய்வேலியே உட்கார்ந்திருக்கிறது. அதே பள்ளம், அதே வெட்டுச் சக்கரம், அதே கந்தகமும் ஈரக் கரியும் கலந்த வாசனை. குளிர் மட்டும் கூடுதல். தங்கும் விடுதியில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் உருளைக்கிழங்கு. வேகவைத்து, பிசைந்து, சுட்டு என்று அதற்கு மூன்று அவதாரம். என் மனைவி கனகம் கட்டிக் கொடுத்த பருப்புப்பொடியை அதன்மேல் தூவிச் சாப்பிட்டேன். பக்கத்து மேசைக்காரர் அது மூக்குப்பொடியா என்று கேட்டார்.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ராய் என்ற போர்மன். ஐம்பதை நெருங்கியவர். கை முழுக்க வெயில் புள்ளிகள். அங்கே பேரிங் பார்க்க முள் ஆடும் மீட்டர் வைத்திருந்தார்கள். ஒருநாள் மீட்டர் மக்கர் செய்தது. நான் பழக்கதோஷத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காதில் வைத்து, கீழ்ப் பேரிங்கில் கிரீஸ் வறண்டுவிட்டது என்று சொன்னேன். பிரித்துப் பார்த்தார்கள். வறண்டுதான் இருந்தது. ஏழுமலை சாவதற்கு முன் ஒருமுறை, ஒரே ஒரு முறை, இதைச் செய்திருந்தால் என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். ராய் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்த வாரம் நான் லீவில் ஊருக்குப் போகிறேன், நானில்லாமல் உனக்கு இங்கே வேலையில்லை, என்னோடு வா என்றார். ஊர் என்றது அந்தத் தீவை.

தீவில் அப்போது விமானத் தளம் கிடையாது. கடலிலேயே இறங்கும் விமானம்தான். படகுக்கு இறக்கை வைத்தது போன்ற அந்த வாகனம், தீவை ஒட்டிப் பவளப்பாறைக்குள் அடங்கிய உள்கடலில் தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான் இறங்க முடியும். ஆகவே அது புறப்படும் நேரத்தை முடிவு செய்வது நிலா என்றார்கள். நம் ஊர் டவுன் பஸ்ஸும் அப்படித்தான் என்று ராயிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் கிளம்பிவிட்டது. ஜன்னல் வரை தண்ணீர் அடித்தது. மூழ்குகிறோம் என்று நினைத்து நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு கிழவி என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். பாதி வழியில் சாப்பிட்டது எல்லாம் வெளியே வந்தது.

அந்த நிலையில்தான் ராய் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பா ஆர்தருக்கு எழுபதுக்கு மேல். இதயம் பலவீனம், குளிர்காலத்தைத் தாண்டியதே பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆர்தர் இளைஞனாக இருந்தபோது தீவின் பாறையில் ஒரு கப்பல் தட்டி நின்றது. அதிலிருந்த எலிகள் நீந்திக் கரையேறின. தீவுக்காரர்களின் பிழைப்பே, தொட்டியில் வளர்க்கும் அழகுப் பனையின் விதையை வெளியூருக்கு விற்பதுதான். எலிகள் விதைகளைத் தின்றன, பறவை முட்டைகளைத் தின்றன. எலியை ஒழிக்க வெளியிலிருந்து பெரிய ஆந்தைகளைக் கொண்டுவந்து விடலாம் என்று முடிவாயிற்று. கூண்டுகளைக் கப்பலில் கொண்டுவந்து, தன் கையால் கதவைத் திறந்துவிட்டவர்களில் ஆர்தர் ஒருவர்.

பெரிய ஆந்தைகள் எலியையும் தின்றன, எது கிடைத்தாலும் தின்றன. எலிகள் ஒழியவில்லை. தீவின் சொந்த ஆந்தை, கைக்குள் அடங்குகிற பழுப்பு நிறக் குட்டி ஆந்தை, மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று. எலிதான் காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு, பெரிய ஆந்தை என்கிறவர்களும் உண்டு. ஆர்தருக்குச் சந்தேகமே இல்லை. தான் திறந்த கூண்டுதான் என்கிறார். ஒன்றாவது மிச்சமிருக்கிறதா என்று தினமும் பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்து மூலையில் உட்கார்ந்து கேட்பார். இப்போது அவருக்குக் காது முழுசாகப் போய்விட்டது.

"நீ காது வைத்துக் கேட்கிறவன். உன் வார்த்தையை அவர் நம்புவார். கேட்டது என்று ஒரே ஒரு முறை சொல். நிம்மதியாகச் சாவார்" என்றார் ராய்.

எனக்கு மறுபடியும் குமட்டியது. அது விமானத்தால் என்று ராய் நினைத்துக்கொண்டார்.

தீவு அழகாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் தப்பு. தெற்கே மேகம் கட்டிய இரண்டு மலை, நடுவே பச்சை, ஓரத்தில் கண்ணாடித் தண்ணீர். மொத்தத் தீவும் எங்கள் டவுன்ஷிப்பின் சில பிளாக்குகளுக்குள் அடங்கிவிடும். பஸ் இல்லை, கூட்டம் இல்லை. எல்லோருக்கும் சைக்கிள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் ஷிப்டுக்குச் சைக்கிள் மிதித்தவன் என்ற தெம்பில் ஏறினேன். இறக்கத்தில் வழக்கம்போலப் பெடலைச் சும்மா பின்னால் சுற்றினேன். அந்த ஊர் சைக்கிளுக்குப் பின்னால் சுற்றினால் பிரேக்காம். அப்படியே தூக்கி ஒரு பள்ளத்தில் போட்டது. முழங்கை கிழிந்து, சேறு பூசிக்கொண்டு ஆர்தர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ராயின் தங்கை மேபல்தான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகாதவள், நல்ல மனசு. முழங்கைக்கு மருந்து போட்டாள். மதியத்துக்கு மீனைப் பாலில் வேகவைத்து வைத்தாள். புத்தம்புது மீன், நம் ஊரில் கிடைத்தால் தெருவே மணக்கக் குழம்பு வைத்திருப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அவள் சந்தோஷப்பட்டு இன்னொரு துண்டு வைத்தாள்.

ஆர்தர் கிழவர் எலும்பும் தோலுமாக, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகன், மகள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். என் ஆங்கிலத்தை உதட்டில் படிக்க அவரால் முடியவில்லை. ஆகவே எனக்கு ஒரு சிலேட்டு கொடுத்தார். நான் எழுதுவேன், அவர் வாயால் பதில் சொல்வார். முதல் கேள்வியே, பம்பில் என்ன கேட்பாய் என்பதுதான். எழுதிக் காட்டினேன். கெட்டதும் நல்லதும் எப்படி வேறுபடும் என்று கேட்டார். அதையும் எழுதினேன். கேட்காததைக் கேட்டதாக எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டார். சிலேட்டை அழித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

முதல் மாலை. தோட்டத்து மூலையில் இரண்டு நாற்காலி. வெயில் கடலுக்குள் இறங்கியதும் கடற்பறவைகள் வந்து மரத்தடிப் பொந்துகளில் இறங்கி, பச்சைக் குழந்தை அழுவதுபோல் அழுதன. முதல்முறை கேட்கிறவனுக்குக் குலை நடுங்கும். கிழவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பனைத்தோப்பிலிருந்து ஒரு கரகரத்த அலறல். அது கொண்டுவந்து விட்ட பெரிய ஆந்தை. என் முகம் மாறியதைப் பார்த்து, அது அலறுகிறதா, நான் தேடுவது அலறாது என்றார். இரண்டு அசைதான், மெதுவாக, அடுத்தடுத்து, மனிதர் கூப்பிடுவதுபோல் என்று வாயைக் குவித்துச் செய்து காட்டினார்.

எங்கள் பக்கம் ஆந்தை எத்தனை தரம் குரல் கொடுக்கிறது என்று எண்ணுவார்கள் என்று எழுதிக் காட்டினேன். ஒன்றானால் சாவு. இரண்டானால் நினைத்த காரியம் கைகூடும். அப்படியிருந்தும் ஒன்றோ இரண்டோ, யார் வீட்டு மரத்தில் உட்கார்ந்தாலும் கல்லால் அடித்து விரட்டிவிடுவோம். டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் வேப்பமரத்தில் இருந்ததை நாங்களும் விரட்டினோம். இதைப் படித்துவிட்டுக் கிழவர் வெகுநேரம் சிரித்தார். இருக்கிறவன் கல்லெறிகிறான், இல்லாதவன் காத்திருக்கிறான் என்றார். அன்று கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பகலில் மேபல் எனக்கு ஒரு நோட்டைக் காட்டினாள். அப்பாவின் நோட்டு. ஒவ்வொரு மாலைக்கும் ஒரு வரி. பக்கம் பக்கமாக, வருடக்கணக்காக, 'கேட்கவில்லை' என்று அவருடைய சாய்ந்த எழுத்து. கடைசி இரண்டு வருடம் மட்டும் வேறு கையெழுத்து. அதில் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை 'கேட்டது' என்று இருந்தது. காது போனபின் அப்பாவுக்காக அவள் உட்கார்ந்து கேட்டு எழுதியது. எதுவும் கேட்கவில்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபடி அதை எப்படி எழுதுவது என்றாள். பாதிரியார் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துக் கேட்டது என்றாராம். டாக்டரும் கேட்டேன் என்றாராம்.

அந்த நோட்டை முன்னும் பின்னும் மறுபடி புரட்டினேன். மேலிருந்து கீழாக ஒரே மாதிரி வரிகள். பார்த்ததும் தெரிந்தது, இது எங்கள் லாக் புத்தகம். அவள் அன்பினால் எழுதினாள், நான் டீ ஆறிவிடும் என்று எழுதினேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

இரண்டாம் மாலையும் பறவைகள் அழுதன, பெரிய ஆந்தை அலறியது. சிறியது கேட்கவில்லை. ராய் ஜன்னலிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது, நாளைதான் கடைசி நாள் என்று என்னிடம் மெதுவாக நினைவூட்டினார். மேபல் எனக்காக முட்டைக்கறி என்று ஒன்று செய்திருந்தாள். ஏதோ புத்தகத்தைப் பார்த்துச் செய்தாளாம். இனித்தது. அதில் திராட்சை இருந்தது.

மூன்றாம் மாலை மழை வரும்போல் இருந்தது, ஆனால் வரவில்லை. காற்று நின்றிருந்தது. இப்படிப்பட்ட நாளில் ஒரு இலை விழுந்தாலும் கேட்கும். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அன்று என் உயிரையெல்லாம் காதில் வைத்துக் கேட்டேன். கேட்டுவிடாதா என்று வேண்டினேன். கேட்டுவிட்டால் பொய்யும் சொல்ல வேண்டாம், உண்மையும் சொல்ல வேண்டாம். நன்றாக இருட்டிய பிறகும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ராயும் மேபலும் விளக்கோடு வந்து நின்றார்கள்.

கிழவர் சிலேட்டை என் மடியில் வைத்து, கேட்டதா என்றார்.

ராய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேபல் இரண்டு கையையும் கோத்துப் பிடித்திருந்தாள். கேட்டது என்று எழுத ஒரு நொடி ஆகாது, என் கைக்குப் பழக்கமான வேலை. பலப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை கையில் கிரீஸோடு வாசலில் நின்றதை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, மூன்று நாளும் கேட்கவில்லை என்று எழுதினேன்.

கிழவர் விளக்கைக் கிட்டத்தில் வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து, யார் கையையும் பிடிக்காமல் உள்ளே போனார். அன்று சாப்பிடவில்லை. சமையலறையில் மேபல் என்னிடம், "அவருக்கு இன்னும் எத்தனை மாலை இருக்கிறது, கேட்டது என்று எழுதியிருந்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். ராய் என்னோடு பேசவே இல்லை. பத்து நாள் பழகிய மனிதர், அடுத்த ஒரு மாதப் பயிற்சியிலும் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை.

மறுநாள் காலையில் விமானத்துக்குத் தண்ணீர் ஏறக் காத்திருந்தபோது, படகுத்துறைக்குக் கிழவரே தடி ஊன்றி வந்தார். நோட்டையும் எடுத்து வந்திருந்தார். மேபல் 'கேட்டது' என்று எழுதிய ஒவ்வொரு வரியின் மேலும் கோடு போட்டிருந்தார். ஒரு தேதியைத் தொட்டுக் காட்டினார். "அன்றைக்குப் புயல். கூரைத் தகரம் பறந்தது. அந்த மாலையும் என் மகளுக்கு ஆந்தை கேட்டிருக்கிறது" என்றார். எல்லாம் அவருக்கு அன்றே தெரிந்திருக்கிறது. தானே கோடு போட்டால் பிள்ளைகளைப் பொய்யர்கள் என்றதாகும். வெளியாள் ஒருவன் வந்து சொல்ல வேண்டியிருந்தது. "நான் திறந்த கூண்டு. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு, ராய் உன்னிடமும் கேட்டிருப்பானே, அப்படியும் நீ ஏன் 'கேட்டது' என்று எழுதவில்லை என்று கேட்டார்.

சிலேட்டு வீட்டில் இருந்தது. ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் தமிழில் பேச ஆரம்பித்தேன். அவருக்குக் கேட்காது, கேட்டாலும் புரியாது. அந்தத் தைரியத்தில்தான் ஏழுமலை பெயரை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். முதல் நாள் வந்து சொன்னார், மறுநாள் வந்து சொன்னார், நான் எழுந்திருக்கவில்லை, விசாரணையில் இல்லை என்றேன், அவர் பெண்டாட்டி சேற்றில் நிற்கிறாள். சொல்லி முடித்தபோது என் சட்டை நனைந்திருந்தது. பக்கத்தில் மூட்டையோடு நின்றவர்கள் நகர்ந்து போய்விட்டார்கள்.

கிழவர் கடைசி வரை என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் இது எனக்குச் சொல்ல வேண்டியது இல்லை. காது கேட்கிற யாருக்கோ சொல்ல வேண்டியது. போய்ச் சொல்" என்றார்.

ஊர் திரும்பிய இரண்டாவது நாள் கனகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வேலை போயிரும்ல?" என்று கேட்டாள். போகும் என்றேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரம். "போறதுக்கு முன்னால மூணு மாசமா நீங்க ராத்திரி தூங்காம உருண்டுட்டுக் கெடந்தது இதுக்குத்தானா" என்றாள். சம்மதமோ மறுப்போ சொல்லாமல் கரண்டியை எடுத்து மீதிச் சோற்றைப் போட்டாள்.

மறுநாள் கம்மாபுரம் பஸ்ஸில் போய் இறங்கி விசாரித்தேன். அஞ்சலை வயலில் இருந்தார். வரப்பில் நின்று கூப்பிட்டேன். கையிலிருந்த நாற்று முடியை வைத்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து, "என்னா சார், இம்மாந்தூரம்?" என்றார். வழி முழுக்க நான் தயார் செய்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. ஏழுமலை என்னிடம் சொன்னார், இரண்டு நாள் சொன்னார், அவர் சொல்லவில்லை என்று நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அது எனக்குத் தெரியுமே சார்" என்றார் அஞ்சலை. "மொத நாளு வூட்டுக்கு வந்து சோறு துண்ணுகினு இருக்கறப்பவே சொன்னாரு. சத்தம் சரியில்ல, சார் கிட்ட சொல்லிட்டன், அவரு பாத்துக்குவாருன்னாரு. உசுரு போற வரிக்கும் அப்பிடியேதான் நம்பிகினு இருந்தாரு. நானும் வெசாரணையில அழுதுகினே சொன்னன். பொம்பள பேச்ச யாருங்க எழுதறாங்க."

நான் அழுதேன். அவர் அழவில்லை. கைச் சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, "எனக்குத் தெரிஞ்சத என்கிட்டயே சொல்லி என்னா ஆவப் போவுது? ஆபீஸ்ல போயி எழுதிக் குடுங்க" என்றார். நாளைக்குக் கொடுக்கிறேன் என்றேன். இன்றைக்குத்தான் என்றார். வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, வேலை செய்கிறவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு, என்னோடு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

எழுதிக் கொடுத்தேன். என் வேலை சீக்கிரமே போயிற்று. அஞ்சலைக்கு வேலை வர வெகுநாள் ஆயிற்று, ஆனால் வந்தது. ஆர்தர் இறந்துவிட்டதாக மேபல் ஒரு அட்டை போட்டிருந்தாள். குறிஞ்சிப்பாடியில் நான் மோட்டார் ரிப்பேர் கடை வைத்ததெல்லாம் வேறு கதை, பயணக் கட்டுரையில் சேராது. அன்றைய பஸ்ஸை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடல் விமானத்தைவிட எனக்கு அதுதான் அதிகம் நினைவில் இருக்கிறது.

கூட்டம் இருந்தது. அஞ்சலை முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றேன். நெய்வேலி போய்ச் சேர ஒரு மணி நேரம். வழியில் பஸ் நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவர் கழுத்தைத் திருப்பி, நான் இறங்கிவிட்டேனா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.